முன்னால் போனவள்

விக்டோரியா ஏரித் தீவுக்கு விடுமுறைக்கு எப்போதும் மூவராகத்தான் வருவார்கள். தோழி அச்சியேங் இறந்தபின் நக்கிமேராவும் லுபேகாவும் மட்டும் வந்தது இதுவே முதல் முறை.

வாடகை சைக்கிளில் தீவைச் சுற்றினார்கள். முதல் வளைவில் வாழைப்பழம் சுட்டு விற்பவள் சிரித்தாள்.

"என்னம்மா, இவ்வளவு மெதுவா வர்றீங்க? உங்க கூட்டாளி அப்பவே போயாச்சே!"

"யாரு?" என்றான் லுபேகா.

"மஞ்சத் தொப்பி போட்ட பொண்ணு. 'பின்னாடி ரெண்டு சோம்பேறிங்க வருதுங்க, பழம் எடுத்து வைங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவர்களை அப்படி அழைத்தவள் ஒருத்திதான்.

ஈர மணலில் ஒற்றை சைக்கிள் தடம் புதிதாக ஓடியது.

"வேகமா மிதிச்சா பிடிச்சிடலாமா?" லுபேகா மிதியில் காலை வைத்தான்.

"வேணாம்டா," என்றாள் நக்கிமேரா. "அவ முன்னாடியே போகட்டும்."

அன்று மாலைவரை அந்தத் தடத்தில் சக்கரம் படாமல், இருவரும் மெதுவாக ஓட்டினார்கள்.