இரண்டடி ஆக்கிரமிப்பு

“பெரியவரே, கடைசியாக் கேக்கிறேன். எந்திரிக்கப் போறீங்களா, இல்லையா?”

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு அதிகாரி கத்தினாள். நில அளவை அலுவலகத்துக்குத் தலைவியாகப் பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறது. அதில் பதினோரு நாளாக இதே கூத்து.

அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் பெரியவர் சரியாக வந்துவிடுவார். வாசல் தூணை ஒட்டிக் குந்துவார். குதிகால் இரண்டும் தரையில் அழுந்த, கைகள் முழங்காலைக் கட்டியிருக்க, சாயங்காலம் பூட்டும்வரை அசைய மாட்டார். கையில் மனு கிடையாது, வாயில் கோஷம் கிடையாது. அவர் அங்கே இருப்பதால் இரும்புக் கதவு பாதிதான் திறக்கும். கார் உள்ளே நுழைய நாலு தடவை முன்னும் பின்னும் போய்வர வேண்டும்.

“ஏம்மா கோபப்படுறீங்க? நான் பாட்டுக்குக் குந்தியிருக்கேன்.”

“இது அரசாங்க இடம். இங்க வந்து உக்காந்தா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு!”

“நான் எங்கம்மா உக்காந்தேன்? பின்பக்கம் தரையில பட்டிருக்கா, பாருங்க. இது குந்துறது. அது வேற, இது வேற.”

காவலாளி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதட்டல் பலிக்கவில்லை. சரி, அனுசரணையாகப் பேசிப் பார்ப்போம் என்று அவள் காரைவிட்டு இறங்கினாள். அவர் எதிரே தானும் குந்தப் பார்த்தாள். முழங்கால் மளுக்கென்றது. பின்னால் சாயப்போனவளைப் பெரியவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“குதிகாலைத் தூக்காதீங்கம்மா, அதான் சாயுது. நாப்பது வருஷம் வீடு வீடாத் தரைக்கல்லு பதிச்சவன் நான். எனக்கு இதான் நாற்காலி.”

“உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!”

“நான் ஒண்ணும் கேக்கலையேம்மா. சட்டப்படி என்ன செய்யணுமோ, நீங்க செய்யுங்க.”

அவள் புடவையைத் தட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். வாசலிலேயே ஒருவர் குந்தியிருப்பதைப் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும்.

“காவலாளியை விட்டு அலாக்காத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிடலாம் மேடம்,” என்றார் தலைமை எழுத்தர்.

“வயசானவர். கை கால் பிசகினா நாளைக்கு என் போட்டோதான் பேப்பர்ல வரும். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அடிங்க.”

பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் பெரியவரிடமே கேட்டு எழுதினார்கள். தட்டாமல் சொன்னார். நோட்டீஸை நீட்டியபோது கையை எட்ட வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“எத்தனை அடி ஆக்கிரமிச்சிருக்கேன்னு இதுல போடலையே?”

“இது ஒண்ணுதான் குறைச்சல்!”

“நான் கோர்ட்டுக்குப் போனா, அளக்காம எப்படி நோட்டீஸ் குடுத்தீங்கன்னு உங்களைத்தானேம்மா கேப்பாங்க?”

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“கூப்பிடுங்க சர்வேயரை! எல்லைக்கல்லுல ஆரம்பிச்சு ஒரு அங்குலம் விடாம அளக்கட்டும். வரைபடம், கையெழுத்து, எல்லாம் இன்னைக்கே வேணும்!”

தலைமை எழுத்தர் தலையைச் சொறிந்தார். “நம்ம ஆபீஸையேவா மேடம்? இத்தனை வருஷத்துல யாரும் இதை அளந்ததில்லை...”

“ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறோம், நம்ம வாசலை அளக்க முடியாதா? அளக்கச் சொன்னா அளங்க!”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்வேயர் பழைய வரைபடக் கட்டோடு வந்தார். புல்லுக்குள் புதைந்திருந்த எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்தார். இரண்டு மணி நேரம் நாடாவை இழுத்தார், குறித்தார், அழித்தார், மறுபடி இழுத்தார். நாடா தன் பக்கம் வந்தபோது பெரியவர் கால் கட்டைவிரலை மட்டும் மரியாதையாகத் தூக்கி வழிவிட்டார்.

நாலு மணிக்கு சர்வேயர் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகமெல்லாம் வியர்வை.

“மூணு தடவை அளந்துட்டேன் மேடம்.”

“ஆக்கிரமிப்பு உண்டா, இல்லையா?”

“உண்டு மேடம்.”

“அப்பாடா! எவ்வளவு?”

“அவர் குந்தியிருக்கிறது ரெண்டடி. அது நம்ம இடம்தான். ரோட்டோரமா நமக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு துண்டுதான். கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம்... கார் நிக்கிற இடம், இந்தக் கட்டடம், இந்த ரூம்...” சர்வேயர் பழைய வரைபடக் கட்டை மேசையில் பிரித்தார். “நோட்டீஸ்ல அவரோட அப்பா பேர்னு ஒண்ணு எழுதியிருக்கோமே, பழைய பதிவுல எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு.”

“அந்த வரைபடத்தை முதல்ல என்கிட்ட குடுங்க!”

“விதிப்படி ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டு அவர்கிட்டக் குடுத்துட்டேன் மேடம்.”

அவள் வாசலுக்கு ஓடினாள். பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எங்க நிலத்தை அளந்து குடுங்கன்னு பதினாறு வருஷமா உங்க ஆபீஸுக்குத் தபால்ல மனு போட்டேன்மா, ஒருத்தரும் வரலை, உங்க இடத்துல ரெண்டடி குந்தினேன், பதினோரே நாள்ல அளந்து குடுத்துட்டீங்க!”