முதல் சுற்று

லாரி மெக்கானிக் செங்கோடனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல, மனைவி பூவாயிதான் வீட்டுக் கூடத்திலேயே பிரித்துக் கிடந்த லாரி எஞ்சினைப் பூட்டினாள். கடைசியாக, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ. எண்ணெய் எட்டாமல் ஓடினால் அதன் தண்டு கருகிவிடும் என்பதால், துளையில் எண்ணெய் விட்டு, உள்ளே இருக்கும் காற்றாடிச் சக்கரத்தை விரலால் சுழற்றிய பிறகே மாட்ட வேண்டும்.

“சுத்து புள்ள.”

“இத்தனை வருசமா நீங்கதானுங்க சுத்துனீங்க. இன்னைக்கும் நீங்களே சுத்துங்க,” என்று அவருடைய விழுந்த கையைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்தாள்.

“மேஸ்திரியம்மாவுக்குக் கொழுப்பப் பாரு,” என்று சிரித்தார்.

ஊதினாலே சுற்றுகிற சக்கரம் அது. தன் மூச்சு பட்டுச் சுற்றிவிடக் கூடாதென்று பூவாயி மூச்சை அடக்கிக்கொண்டாள். நெஞ்சு முட்டும் நேரத்தில் சக்கரம் கால் சுற்று நகர்ந்தது.

“நீ ஊதுனயா?”

அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள். சக்கரம் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.