தூண்டில் மாப்பிள்ளை

தூண்டில் முள்ளில் மாட்டியிருந்த கெண்டை மீனை எலியேசர் பைய ஆற்றுக்குள் இறக்கினான். உயிர் போய் நெடுநேரமான மீன் அது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கம்பை வளைத்து இழுத்து, “மாமா, மாட்டிக்கிட்டுது” என்று மலை எதிரொலிக்கக் கத்தினான்.

பாபநாசத்துக்கு மேலே, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும் இடம் அது. பாளையங்கோட்டையில் ஹெட்மாஸ்டராக இருந்த தேவசிகாமணி, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன கித்தான் கூடாரத்தோடு கோடைதோறும் குடும்பத்தை அங்கே கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார். மீன் பிடிப்பது என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

தில்லி தர்பாருக்கு மறுவருஷக் கோடையில் எலியேசரையும் அழைத்திருந்தார். அவன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவருடைய ஒன்றுவிட்ட தங்கை மகன். மகள் ஹெப்சிபாவுக்கு முறை மாப்பிள்ளை. ஆனால், “மீன் பிடிக்கத் தெரியாதவனுக்கு எம் பொண்ணு கிடையாது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எலியேசருக்குப் புழுவைக் கண்டாலே உடம்பு கூசும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு புழு தோண்டப் போனால், கரையெல்லாம் ஏற்கெனவே கிளறிக் கிடந்தது. காட்டுப் பன்றியின் வேலை என்று நினைத்து ஓடிவந்துவிட்டான். கடைசியில், உப்பு வாங்கப் போன சாக்கில் விக்கிரமசிங்கபுரத்து மீன்காரர் அசன் மைதீனிடம் இந்தக் கெண்டையை வாங்கி, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

தேவசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். எலியேசர் அளக்கத் தொடங்கினான். மீன் பாறைக்கு அடியில் புகுந்ததாம். அவனையே தண்ணீருக்குள் இழுத்ததாம். நடுவில் ஒரு தடவை மேலே துள்ளி முறைத்ததாம்.

“மொறச்சுதாலே?”

“ஆமா மாமா. கோவமாத்தான் பாத்துது.”

மாமா அவனைக் கட்டிக்கொண்டார். “எங்க ரத்தம்லா. இனி வருசா வருசம் நாம ரெண்டு பேரும் இங்கனதான்.”

குளிக்கப் போயிருந்த ஹெப்சிபா நனைந்த சேலை முந்தியோடு வந்தாள். மீனைக் கையில் வாங்கி, கட்டை விரலால் செவுளை லேசாக விலக்கிப் பார்த்தாள். பிறகு எலியேசரைப் பார்த்தாள்.

“பாவம், ரொம்பப் போராடியிருக்கும்” என்றாள்.

“ஏட்டீ, குளிக்க இம்புட்டு நேரமா? அதைக் கீழ போடு, கை நாறும்” என்று அதட்டினாள் அவள் அம்மா சாலோமி.

மத்தியானம் எலியேசரின் இலையில் குழம்பை ஊற்றிவிட்டு, சாலோமி அகப்பையைக் கீழே வைத்தாள். “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்றாள்.

தேவசிகாமணி திகைத்தார். “ஏன், பையனுக்கு என்ன கொறை?”

“மீன் பிடிக்கான்லா, அதான் கொறை. கட்டி வந்த நாள்ல இருந்து கோடையானா இந்தப் பாறையில, அட்டைக்கும் கொரங்குக்கும் நடுவுல சோறு பொங்குதேன். சோத்துல பாதி மணலு. எம் பொண்ணுக்கும் அந்தக் கெதி வரணுமா? தூண்டிலைத் தொடாத பையனாப் பாத்துத்தான் குடுப்பேன்.”

எலியேசர் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டான். மானம் போனால் போகட்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

“அத்தை, இது வெலைக்கு வாங்குன மீனு. நான் தூண்டில் போட்டுப் பிடிச்சது என் சட்டையை மட்டுந்தான்.”

சாலோமியின் முகம் மலர்ந்துவிட்டது. நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவன் இலையில் வைத்தாள். “நல்லாச் சாப்பிடுங்க மாப்பிள்ளை.”

தேவசிகாமணி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். “பொய் சொன்னதைக்கூட மன்னிச்சிருவேன். தூண்டில் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுத்தா, எனக்கப்புறம் இந்த ஆத்துக்கு யாரு வருவா?”

“யாரும் வர வேண்டாம். பிள்ளையளாவது வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்.”

வார்த்தை தடித்தது. பாறைமேல் எச்சில் சோற்றுக்குக் காத்திருந்த குரங்குகள்கூட எழுந்து போய்விட்டன.

ஹெப்சிபா சத்தமில்லாமல் எழுந்து பாறைக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் மூங்கில் தூண்டில், மறு கையில் அவள் ஆற்றில் மூழ்க வைத்திருந்த ஓலைப்பெட்டி. பெட்டியை அப்பாவின் காலடியில் கவிழ்த்தாள். முழங்கை நீளக் கெண்டைகள் உயிரோடு மணலில் துள்ளி விழுந்தன.

தேவசிகாமணி மீனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

ஹெப்சிபா முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மீன் பிடிக்க நான் வாரேன்ப்பா. சோறு பொங்க அத்தான் வரட்டும்.”