கீரி வைத்தியரின் இரண்டு வாசல்

கீரி வைத்தியரின் வளைக்கு இரண்டு வாசல். நோயோடு வருபவர்கள் முன்வாசலில் நுழைந்து, குணமாகிப் பின்வாசல் வழியாகப் போவார்கள். மருந்துக்கான பச்சிலையை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் வைத்தியர் தொடமாட்டார்.

இதை மாற்றலாமா என்று காட்டில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு பிடி பச்சிலையைப் பொதுவில் போட்டுவைப்பது, யாருக்கு நோய் வந்தாலும் அதிலிருந்து வைத்தியம் பார்ப்பது. எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்க மைனா முன்வாசலிலும் அணில் பின்வாசலிலும் உட்கார்ந்தன.

காலையில் முயல் நொண்டிக்கொண்டு வந்தது. காலில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது. கையில் ஓர் இலைகூட இல்லை.

"பொதுப் பச்சிலை வேணுமா?" என்று கேட்டது மைனா.

"என்ன கேள்வி அக்கா இது? இல்லாதவன் சாகணுமா?" என்று அழுதது முயல்.

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் குஞ்சின் காய்ச்சலுக்காகப் பறித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் மைனாவும் அணிலும் சேர்ந்து பேசிப் பார்த்தன. மைனாவிடம் எல்லோரும் வேணும் என்றிருந்தார்கள். அணிலிடம் எல்லோரும் வேண்டாம் என்றிருந்தார்கள்.

"முயலுமா?"

"அதுதான் சத்தமாச் சொல்லிச்சு. ஊரார் நோய்க்கு நான் எதுக்கு இலை பறிக்கணும்னு கேட்டுச்சு."

மைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறந்துபோய் முயலை வழிமறித்தது.

"காலையில வேணும்னு அழுதியே?"

முயல் புரியாமல் பார்த்தது. அதன் காலில் மைனாவின் பச்சிலைக் கட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்போ கால்ல முள் இருந்துச்சேக்கா," என்றது.