ராணியைக் கொடுத்த ஆட்டம்

கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில், செஸ் போட்டி முடிந்த மேசை முன்னால் கமாலுதீன் நிற்கிறார். தியாகதுருகத்தில் நூல், பட்டன் கடை வைத்திருப்பவர். முப்பது வருஷமாக ஆடுகிறவர். இன்று ராணியை வலியக் கொடுத்து, அடுத்த ஏழு நகர்த்தலில் ராஜாவை மடக்கியிருக்கிறார். ஜன்னல் வெயிலில் வெள்ளைக் காய்கள் மினுங்குகின்றன. நடுவர் தன் செல்போனை நீட்டுகிறார். அதிலுள்ள செஸ் கம்ப்யூட்டரும் அதே நகர்த்தலைத்தான் காட்டுகிறது. “உலக சாம்பியனே இதுகிட்ட தோத்துப் போறாரு. உங்களுக்கு மட்டும் எப்படி பாய் தெரிஞ்சுது? காதுல இன்னா மாட்டிக்கினு இருக்கீங்க?” “காது கேக்காதுங்க. அதுக்கு வச்ச மெஷினு.” “கழட்டுங்க.”

கழற்றித் தருகிறார். மின்விசிறியின் இரைச்சல், கூட்டத்தின் சலசலப்பு எல்லாம் சட்டென்று நின்றுபோகின்றன. நடுவர் அந்தச் சின்ன மெஷினைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். யாரோ சிரிக்கிறார்கள், பற்கள் மட்டும் தெரிகின்றன. ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக்காட்ட கமாலுதீன் காய்களை அடுக்குகிறார். கை பட்டு ஒரு குதிரை சாய்கிறது. மகள் சப்ரின் வந்து அந்தக் கையைப் பிடிக்கிறாள். அவள் உதடு அசைகிறது. “அத்தா, நெஜமா நீங்களேதான் ஆடுனீங்களா?” இருபது வருஷமாக அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர் அவர். இன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று, இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார். அவள் அதையே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள்.