நிர்ணயித்த வேகம்

"யாரைக் கேட்டு கம்ப்யூட்டர் ஸ்பீடை ஏத்தினே?"

மேனேஜர் ரகுநந்தன் போட்ட சத்தத்தில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட ஆபீஸ் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள்.

நர்மதா எழுந்து நின்றாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். அவள் வீட்டில் டிகிரி முடித்தவள் அவள் ஒருத்திதான்.

"நான்தான் சார். இதுதான் முதல் தடவை. படிச்சுப் பார்த்துட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தினேன். மூணரை கிகாஹெர்ட்ஸ்ல இருந்து நாலு வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. நாலு புள்ளி ரெண்டு வச்சதும் சூடு நூறு டிகிரியைத் தொட்டு ஆஃப் ஆயிடுச்சு."

"எரிஞ்சு போயிருந்தா?"

"எரியாது சார். சூடு தாங்கலன்னா அதுவே நின்னுடும். திரும்ப ஆன் பண்ணதும் பழைய ஸ்பீடுக்கே வந்துடுச்சு."

"அதுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல!"

கதவோரம் யாரோ சிரித்தார்கள்.

"பத்து மணிக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். பூவம்மா ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்ல காரணம் 'கவனக்குறைவு'ன்னு போடச் சொன்னேன். ஒத்த வார்த்தை! அதை டைப் பண்ண இன்னா ஸ்பீடு வேணும் உனக்கு?"

"மூணாம் நம்பர் பிரஸ்ஸோட ரெக்கார்டைப் பார்த்துட்டு எழுதலாம்னு... ஆறு மாச ஃபைல் சார், ரொம்பப் பெருசு. திறக்கிறப்பல்லாம் ஹேங் ஆயிக்கினே இருந்துச்சு. அதான் ஸ்பீடை ஏத்தினேன்."

"அதை யாரு திறக்கச் சொன்னா?"

பூவம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டாள் நர்மதா.

நேற்று பொன்னேரி ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள் பூவம்மாள். இரண்டு விரல்கள் போய்விட்டன.

"மிஷினு வேகமா அடிச்சிக்கினு இருந்துச்சு கண்ணு. நான்தான் கைய எடுக்க லேட் பண்ணிட்டேன். என் தப்புதான். ஆனா அப்டியே எழுதிடாத. கான்ட்ராக்ட் ஆளுதானேன்னு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்தக் கைய வச்சிக்கினு வேற எங்க போய் வேலை கேப்பேன்?"

"இங்க பாரு." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "எந்த மிஷினுக்கும் ஒரு அளவு இருக்கு. இவ்ளோதான் ஓடும்னு செஞ்சவன் எழுதி வச்சிருக்கான். அதுக்கு மேல ஓட்டறது குத்தம். மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டு அப்புறம் வேலையைப் பாரு. நான் சொல்றேன், டைப் பண்ணு."

சொன்னார். நர்மதா அடித்தாள்.

'நிர்ணயித்த வேகத்தை மீறி இயந்திரத்தை இயக்கியது என் தவறு. இதனால் ஏற்பட்ட சேதத்துக்கு நானே பொறுப்பு.'

கண்ணாடிக்கு வெளியே மூணாம் நம்பர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பூவம்மாள் நின்ற இடத்தில் இன்று சாராள் நின்றிருந்தாள். தகட்டை வைத்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி இழுத்தாள்.

நர்மதா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கடிதத்தை இரண்டு பிரதி பிரிண்ட் போட்டு எடுத்தாள்.

ஒன்றில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேனேஜரிடம் நீட்டினாள்.

இன்னொன்றுடன் காலையில் எடுத்து வைத்திருந்த ரெக்கார்ட் பக்கத்தைச் சேர்த்துப் பின் அடித்தாள். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். விபத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

'பிரஸ் எண் 3. நிர்ணயித்த வேகம்: நிமிடத்துக்கு 40 முறை. அது 55 ஆக உயர்த்தப்பட்டது. உத்தரவு: ரகுநந்தன், மேனேஜர்.'

அதையும் மேஜை மேல் வைத்தாள்.

மேனேஜர் முதல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அதே லெட்டர்தானே? இன்னொண்ணு எதுக்கு?"

"அது நீங்க கையெழுத்துப் போட வேண்டியது சார்."