தூங்குகனம்

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் பென்சில் நின்றது.

தூங்குகனம்.

தோளில் கிடக்கும் குழந்தை உறங்கியதும் அதன் உடலில் கூடும் பாரம். நாவலே பொருளையும் சொல்லியிருந்தது.

மூன்று அகராதிகளைப் புரட்டினாள். எதிலும் இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பதினாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறாள். கதைகளில் புதிய சொல் கண்டால் நோட்டில் எழுதி வைப்பாள். சொல், பொருள், கிடைத்த இடம். இந்தச் சொல் அதில் ஏற்கெனவே இருந்தது. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காத ஒரே சொல்.

கிடைத்த இடம்: கருணாகரன், மாடிப்படி.

மின்சாரம் போய் லிஃப்ட் நின்ற ஒரு மாலை. இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது அவள் கணவன் சொன்னான்.

"தூங்குகனம் ஏறிடுச்சு."

நீங்களே உண்டாக்கியதா என்று கேட்டாள். சிரித்தான். ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

"வட்டாரச் சொல்லா இருக்கும்மா," என்றார் பதிப்பாளர். "நாம கை வெச்சா அந்தம்மா சண்டைக்கு வருவாங்க. ஓரத்துல கேள்வி எழுதி அனுப்பிடுங்க."

எழுதியவர் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. முதல் நாவல்.

கணவனுக்கு ஊர் கடலூர். பம்புசெட் விற்பனைக்காக மாதம் ஒரு முறை திண்டுக்கல் போகிறான். இரண்டாம் சனிக்கிழமை.

அவள் பின்னோக்கிப் புரட்டினாள். எழுத்துப் பிழைகளை மட்டுமே பார்த்துக் கடந்த பக்கங்கள்.

நாவலில் வரும் சிறுவனின் அப்பா மாதம் ஒரு முறை வருகிறார். வந்ததும் சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டுகிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்தச் சட்டைப் பையிலேயே போடுகிறார்.

பல ஆண்கள் செய்வதுதான்.

அன்று சோறு போடும்போது கேட்டாள், திண்டுக்கல்லில் யாரெல்லாம் பழக்கம் என்று.

"அங்க எனக்கு யாரு? பூட்டும் பம்புசெட்டும்தான்."

மகள் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் அவன் சட்டை தொங்கியது.

மறுநாள் அந்தச் சொல்லை வட்டமிட்டாள். ஓரத்தில் வழக்கமான கேள்வி: எங்கு வழங்கும் சொல்? அதன் கீழே, வழக்கமில்லாத ஒன்று: எப்போதிலிருந்து?

பத்து நாளில் மெய்ப்பு திரும்பி வந்தது. பச்சை மை. கரும்பலகையில் எழுதிப் பழகிய, நிமிர்ந்த கையெழுத்து.

'எங்கள் வீட்டுச் சொல். என் மகனைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா சொன்னது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. மாற்ற வேண்டாம்.'

பதில் வந்துவிட்டால் வட்டத்தை அழித்துவிட வேண்டும். அதுதான் முறை.

அழித்தாள். ரப்பர் தூளை ஊதினாள். சொல் அப்படியே இருந்தது.

பிறகு நோட்டை எடுத்தாள். கிடைத்த இடத்தில் இருந்த பெயரை அடித்தாள். பக்கம் 143 என்று எழுதினாள்.